ஐந்தாம் நாளுக்குத் திப்பிலி

கடைக்காரர் லாம் பேபி அன்ரியை முதன்முதலில் கண்டது கனடாவின் ஸ்காபரோவில், தன் சீன மருந்துக் கடையில். ஐம்பத்தெட்டு வயதில், கோட்டுக்கு மேலால் வயிற்றைத் தடவிக் காட்டியபடி நின்றார். லாம் அவருடைய மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால், ஜின்செங் ரொனிக் வாங்க வந்த வெள்ளைக்காரப் பெண் மிகுந்த மரியாதையோடு காத்திருந்தாள்.

காரியம் இதுதான். அன்ரியின் அக்கா மகள் துர்க்காவுக்குப் பிள்ளை பிறந்து அன்று மூன்றாம் நாள். வந்து பார்க்கவேண்டிய அக்கா, விசா மறுக்கப்பட்டுக் கொழும்பில் இருந்தார். "என்ரை பிள்ளைக்கு அஞ்சாம் நாள் ஆர் சரக்குக்கறி வைக்கிறது?" என்று தொலைபேசியில் அழுதவரிடம், "ஏன், நான் செத்தே போனன்?" என்று அன்ரி வாக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளை பெற்றவளின் வயிறு ஆற வைக்கும் அந்தக் கறிக்கு மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் இருந்தன. திப்பிலி இல்லை.

"அடுத்த கிழமை வரும், அன்ரி" என்றார்கள் தமிழ்க்கடையில்.

"பிள்ளை இந்தக் கிழமையே வந்திட்டுதடா!"

சீனக் கடைக்குப் போனார். திப்பிலிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரென்று தெரியாது. "பேபி" என்றார். அது தன் பெயரும் என்பதால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு வயிற்றையும் காட்டினார். லாம் வெகுநேரம் யோசித்து, கர்ப்பம் நிலைக்க ஒரு பொதி கட்டிக் கொடுத்தார். வெள்ளைக்காரப் பெண் வாழ்த்துச் சொன்னாள்.

வீட்டில் அன்ரி பொதியைப் பிரித்து மணந்தார். "உதுக்குள்ள உறைப்பா ஒரு சாமானும் இல்லை."

"சின்னம்மா, விடுங்கோ. ஒரு ரொனிக் போத்தில் வாங்கினாக் காணும். இப்ப எல்லாரும் உதைத்தான் குடிக்கினம்" என்றாள் பிள்ளையோடு படுத்திருந்த துர்க்கா.

"அதைக் கொம்மாட்டை நீயே சொல்லு."

துர்க்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நான்காம் நாள் அன்ரி துவாய் ஒன்றைச் சுருட்டிக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். "அவுட்! பேபி அவுட்!" லாம் முகம் தெளிந்தார். அன்ரி நேரே மேசைக்குப் பின்னால் போய் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து மணக்கத் தொடங்கினார். லாம் "நோ, நோ" என்று பின்னாலேயே வந்து மூடினார். முப்பத்தேழாவது லாச்சியில் ஒன்றை எடுத்துக் கடித்ததும் அன்ரிக்குக் கண்ணீர் வந்தது. திப்பிலி.

லாமுக்கு இப்போது முழுவதும் விளங்கியது. வாசலைக் காட்டி, "மதர், நோ விண்ட்" என்றார்.

அன்ரி திகைத்துப் போனார். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று இந்த நாட்டில் ஒருவர் சொல்லி அப்போதுதான் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் துர்க்காவைப் பிள்ளை பிறந்த அன்றே குளிக்கச் சொல்லி, ஐஸ் தண்ணீரும் கொடுத்திருந்தார்கள்.

"நோ விண்ட்! நோ ஐஸ்!" என்றார் அன்ரி.

"நோ ஐஸ்!" என்றார் லாம், இன்னும் உரத்து.

ஆளுக்கொரு மொழியில் இருவரும் ஐஸைக் கொஞ்சநேரம் திட்டினார்கள்.

ஐந்தாம் நாள் துர்க்கா மூக்கு ஒழுகச் சோறு தின்றுகொண்டிருக்கையில் கொழும்பிலிருந்து அழைப்பு.

"எடி பேபி, திப்பிலி போட்டனியோ?"

"போட்டனான். சீனன்ரை திப்பிலி."

"உறைச்சதோ?"

"உன்ரை மகளைக் கேள்."

துர்க்கா "ஓம் அம்மா" என்று மட்டும் சொல்லி மூக்கைத் துடைத்தாள். அன்ரி அதை உறைப்பென்றே எடுத்துக்கொண்டார்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில். இப்போது தொண்ணூற்றெட்டு. பேபி அன்ரி கிழமைக்கு மூன்று நாள் லாமின் கடையில் சரக்கு அரைக்கிறார். 'பேபி ரொனிக்' என்று போத்தலில் ஒட்டி விற்கிறார்கள். யோகாப் பாயோடு வரும் பெண்கள் வாங்குகிறார்கள். அவர்களில் பிள்ளை பெற்றவர்கள் குறைவு. அக்காவுக்கு இன்னும் விசா வரவில்லை.