தினம் கணக்கு முடித்த காஜா அண்ணி

“என் கழுத்து கழுத்தே இல்ல, துருப்பிடிச்ச கதவு. கீழ பாக்கத்தான் திறக்கும், மேல பாக்கத் திறக்காது.”

என் வீட்டுக்காரரின் அக்கா தினமும் படிக்கிற பாட்டு இது. காலையில் முதல் சட்டையைக் கையில் எடுக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் கடைசிச் சட்டையை மடிக்கும்போது ஒரு தடவை. நடுவில் யாராவது வந்துவிட்டால் அவர்களுக்கென்று தனியாக ஒரு தடவை.

அவர் செய்வது காஜா வேலை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைதான் காஜா. தையல் கடைகள் சட்டையைத் தைத்து இவரிடம் அனுப்பும். இவர் ஓட்டை போட்டு, ஓரம் கட்டி, பட்டன் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே காஜாக்கா. எனக்கு அண்ணி.

சாயங்காலம் கடைகள் ஷட்டரை இறக்குகிற நேரத்தில் அண்ணி பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அன்று கொடுத்த உருப்படிக்கு அன்றே காசு. நாளைக்கு என்கிற பேச்சே கிடையாது. கோட்டு மட்டுமே தைக்கிற ஒரு மாஸ்டர் இருக்கிறார். அவர் தினமும் வம்பு இழுப்பார்.

“ஏன் காஜாக்கா, ஒரு நாள் விட்டு வாங்கினா என்ன? நான் என்ன ஊர விட்டா ஓடப் போறேன்?”

“நீங்க ஓட மாட்டீங்க மாஸ்டர், உங்க தொப்பை விடாது. உங்க கல்லாதான் ஓடும். எடுங்க.”

காசு வாங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கணக்கைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது, அடுப்பை எரியவிட்டுத் தூங்குகிற மாதிரி அவருக்கு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு ஆபீஸ் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றுவிட்டார். “மேலயும் கீழயும் போனதக் கூட்டினா உலகத்தையே சுத்தியிருப்பேன், முன்னாடி மட்டும் ஒரு அடி போகல” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சர்க்கரை வியாதி. புதுச் செருப்பு கடித்ததில் வலது கால் விரலில் புண் வந்து ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அண்ணி சட்டைக் காசில் மிச்சம் பிடித்து, ஆபரேஷனுக்கு வேண்டிய பணத்தை வங்கியில் போட்டு வைத்திருந்தார். அந்த ஒரு கணக்குதான், அதற்கு ஒரு டெபிட் கார்டுதான்.

அந்த நேரம் பார்த்து அவர்கள் மகளுக்கு ஆபீசில் பரிசு விழுந்தது. உல்லாசக் கப்பலில் இரண்டு பேருக்கு நாலு நாள். டிக்கெட், சாப்பாடு எல்லாம் சும்மா.

“அம்மா, கழுத்து கழுத்துன்னு உயிர எடுக்கிறியே. கப்பல்ல வானத்தத் தவிர பாக்க ஒண்ணும் கிடையாது. வா” என்றாள் மகள்.

“உங்கப்பா கால இப்படி வச்சுக்கிட்டு நான் கப்பல் ஏறவா? ஊரு காறித் துப்பும்டி.”

டாக்டரிடமே போய்க் கேட்டார்கள். அடுத்த வாரம் எடுக்கலாம், ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணன்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தார். “போயிட்டு வா. இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்? தம்பி வீட்டுல இருந்துக்கிறேன்.”

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் துறைமுகத்துக்குப் போனார்கள். கப்பலில் நடந்ததை எனக்கு மகள் பாதியும், அண்ணி பாதியும் சொன்னார்கள். அண்ணி சொன்ன பாதியை மூன்று தவணையில்தான் வாங்க முடிந்தது.

கப்பல் ஏறும் முன்னால் ஒரு கவுண்டரில் கார்டு கேட்டிருக்கிறார்கள். உள்ளே காசு கொடுத்து எதுவும் வாங்க முடியாது. எல்லாம் அறைக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்குக்கு ஒரு கார்டைக் காட்டு, இல்லையென்றால் ரொக்கமாக முன்பணம் கட்டு. மகளின் கார்டு வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்படவில்லையாம், மெஷின் துப்பிவிட்டது. அண்ணியின் இடுப்புப் பையில் ரொக்கம் இருந்தது. ஆனால் ரொக்கம் கட்டுகிற வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

“உன் கார்டக் குடும்மா. சும்மா பதிவுக்குத்தான். காசு எடுக்க மாட்டாங்களாம்.”

“எடுக்க மாட்டாங்கன்னா எதுக்குக் கேக்கிறாங்க?”

“ஐயோ அம்மா, பின்னாடி ஆளு நிக்கிறாங்க!”

கொடுத்துவிட்டார். ஆபரேஷன் பணம் முழுக்க அந்தக் கார்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு. “சுத்தியும் தண்ணி, குடிக்கிற தண்ணிக்குக் காசா!” என்று அண்ணி அதைத் திரும்ப வைக்கப் பார்த்திருக்கிறார். மகள் அதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் தானாக ஏறுகிற, கப்பல் வேலையாட்களுக்கான டிப்ஸ் கட்டணம் வேறு. ஒரு போட்டோ. வீட்டுக்குப் பேச இணையம். பெரிய ஊதாரித்தனம் எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர் வேறு மாதிரி பேசுகிறது.

சாயங்காலம் ஆனதும் அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்கு திறந்து கிடக்கிறதே! பையை மாட்டிக்கொண்டு கப்பலின் வரவேற்பு மேசைக்குப் போய், அன்றைய செலவை ரொக்கமாகக் கட்டி, “கணக்க முடிச்சிடும்மா” என்றிருக்கிறார். மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே முடித்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கணக்கு இல்லாமல் ஒரு காபி கூட வாங்க முடியவில்லை. மறுபடி கார்டைக் கொடுத்து, மறுபடி திறந்தார்கள். சாயங்காலம் மறுபடி ரொக்கம், மறுபடி முடிப்பு. அண்ணிக்கு நிம்மதியான தூக்கம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றும் எழுந்ததும் கணக்கைத் திறந்துவிட்டார்கள். இங்கே காலையில் அண்ணனுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். விரல் கறுத்து, பாதத்தின் பாதி வரை நிறம் மாறியிருந்தது. நாற்றத்தைச் சொல்ல வேண்டாம். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முன்பணம் கட்டினால்தான் தியேட்டர் என்றது கல்லா. அரசு ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டார். கட்டில் இல்லை, நாளைக்குப் பாருங்கள் என்றார்கள்.

அண்ணியின் மகள் எண்ணுக்கு இணையத்தில் கூப்பிட்டோம்.

“அக்கா, பதறாத. மாமாவ இன்னைக்கே எடுக்கணுமாம். ஆபரேஷன் பணத்த இப்பவே என் கணக்குக்கு அனுப்பு” என்றார் என் வீட்டுக்காரர்.

“இதோ அனுப்புறேன்டா. போன வைக்காத.”

வைக்கவில்லை. அந்தப் பக்கம் மகளிடம் எண்ணைச் சொல்வது கேட்டது, “மறுபடி போடு, மறுபடி போடு” என்பது கேட்டது. பிறகு அண்ணியின் குரல் மட்டும் வந்தது.

“தம்பி, பணம் இல்லங்குதுடா.”

மேசைக்கு ஓடியிருக்கிறார். அங்கே நடந்த பேச்சை மகள் வார்த்தை மாறாமல் சொன்னாள்.

“தினம் வந்து கட்டினேனே, பாத்தியா இல்லியா?”

“கட்டினீங்கம்மா. உங்க கணக்குல பாக்கியே இல்ல.”

“அப்ப என் கார்டுல இருந்த பணம் எங்க?”

“கணக்கு திறக்கிறப்ப கார்டுல ஒரு தொகையப் பிடிச்சு வைப்போம்மா. எடுக்க மாட்டோம், பிடிச்சு மட்டும்தான் வைப்போம். நீங்க தினம் முடிச்சுட்டுத் தினம் திறந்தீங்கல்ல, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு பிடிச்சிருக்கு.”

“நான் முடிச்சதும் பழசு விட்டுப் போகாதா?”

“நாங்க அப்பவே விட்டாச்சு. உங்க பேங்க் விடணும். டெபிட் கார்டுன்னா ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.”

“நீயும் எடுக்கலங்கிற, அவங்களும் எடுக்கல. அப்ப அது எங்க இருக்கு?”

“உங்க கணக்குலதாம்மா இருக்கு. தொடத்தான் முடியாது.”

அண்ணி கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார். “நான் ஒண்ணும் கட்டாம சும்மா இருந்திருந்தா?”

அந்தப் பெண் நல்லவள். திரையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தாளாம். பிறகு சொன்னாளாம், “ஒரு தடவைதாம்மா பிடிச்சிருக்கும்.”

இடுப்புப் பையில் மிச்ச ரொக்கம் இருந்தது. நடுக்கடலில் அதை வைத்து என்ன செய்வது? வங்கிக்குக் கூப்பிட்டால் விடுமுறை, மெஷின்தான் பேசியது. அண்ணி அந்த மேசைக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்தார். கரை வரும் வரை சாப்பிட எழுந்திருக்கவில்லை என்றாள் மகள்.

இங்கே நாங்கள் பிச்சைக்காரர்கள் மாதிரி அலைந்தோம். எங்கள் கணக்கில் இருந்ததை வழித்துப் போட்டோம், பாதி கூட வரவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை எந்த அடகுக் கடை திறந்திருக்கும்? அண்ணன் கூடப் பிறந்த தங்கைக்குப் போன் போட்டால், “பொண்டாட்டி கப்பல்ல ஆடுறா, காசு நான் குடுக்கணுமா?” என்று வைத்துவிட்டாள். கோட்டு மாஸ்டர் மட்டும் விஷயம் கேள்விப்பட்டு, தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். கல்லாவில் இருந்ததை அப்படியே துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதுவும் போதவில்லை. திங்கட்கிழமை சங்கிலி அடகுக்குப் போய்ப் பணம் முழுசாகச் சேர்ந்தபோது மத்தியானம்.

விரலை எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

“நேத்தே எடுத்திருந்தா பாதம் நின்னிருக்குமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம்” என்றார். இதைச் சொல்வதற்கா இத்தனை வருஷம் படித்தார் என்று தோன்றியது. ஆனால் அதற்கு மேல் அவராலும் என்ன சொல்ல முடியும்?

அண்ணி துறைமுகத்திலிருந்து பெட்டியோடு நேரே வார்டுக்கு வந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையான இடத்தில் கையை வைத்து ஒரு தடவை தடவினார். துணியில் சுருக்கம் நீவுகிற மாதிரி.

அண்ணன் கண்ணைத் திறந்தார். “வந்துட்டியா? கவலைய விடு. இனிமே செருப்பு கடிச்சாலும் பாதி வலிதான்.”

அவர் சொல்கிற எந்த மொக்கைக்கும் பதிலுக்கு ஒன்று வைத்திருக்கிற அண்ணி, அன்றைக்குப் போர்வை ஓரத்தைத்தான் மடித்து மடித்துச் செருகினார்.

அடுத்த வாரம் அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் டிங் டிங்கென்று அடித்தது. பிடித்து வைத்ததெல்லாம் வரிசையாகக் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒரு பைசா குறையவில்லை. அண்ணி என்னிடம் போனைக் காட்டினார். “பாரு, திருடல. யாரும் திருடல. நானே கட்டி நானே அடைச்சு வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

கப்பலுக்குப் போகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பணம் இருக்கிற டெபிட் கார்டை அந்தக் கவுண்டரில் நீட்டாதீர்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் கால் கடுக்க நின்று ரொக்கமாகக் கட்டுங்கள். அதுவும் முடியாதென்றால், செலவுக்கான காசை மட்டும் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கார்டைக் கொடுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், எத்தனை நாளில் விடுவீர்கள் என்று வாய் விட்டுக் கேளுங்கள். பின்னால் நிற்கிறவன் முறைத்தால் முறைக்கட்டும். நடுவில் நடுவில் கணக்கை முடித்து நல்ல பேர் வாங்காதீர்கள். நாணயமாக இருந்தது தப்பில்லை. யாரிடம் எப்படி என்று தெரியாமல் இருந்ததற்குத்தான் ஒரு கால் போனது.

இப்போது ஊரில் என்ன பேச்சு தெரியுமா? “புருஷன் கால வித்துக் கப்பல் பாத்தவ.” அண்ணனின் தங்கை கட்டிவிட்ட கதை இது. வீடு வீடாகப் போய்ப் பரப்பியிருக்கிறாள். அது அண்ணி காதுக்கும் வந்துவிட்டது. கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். துணி மூட்டையை மகள்தான் வாங்கி வருகிறாள், அவள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. நான் போனால் கூடக் கதவைப் பாதிதான் திறக்கிறார், பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியைத் திறக்கிறார்.

அண்ணன் சாமர்த்தியசாலி, நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டார். “காலு போனா என்ன, கை ரெண்டு இருக்கு. இவ வாய்தான் போயிடுச்சு, அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்று போன வாரம் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய தபால் ஆபீசுக்குப் பின்பக்கச் சந்து, டயர் கடை மேலே மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு. அண்ணனால் இறங்கி வர முடியாது, அண்ணி இறங்கி வர மாட்டார். நீங்கள்தான் ஏற வேண்டும். பழம் பிஸ்கட் எதுவும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கப்பல் எப்படி இருந்தது என்று கேட்கவும் வேண்டாம். மணியை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுமையாக நில்லுங்கள், அண்ணி வந்து திறப்பார். உள்ளே போய் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். இந்த வாரமே போங்கள்.