சிதறுகாய்க்குக் காவல்

போன வருடம் கவரைப்பேட்டையில், ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் நடந்தது இது. நான் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். என் மனைவி, மகள் பிறந்த பிறகு படிப்பைத் தொடர்ந்து, இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சில நூறு அணுக்களே உள்ள ஒரு துளியைச் சூடாக்கினால், எந்தச் சூட்டில் அது துளியாக இருப்பதை விட்டுச் சிதறத் தொடங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க வேண்டும். அண்டாத் தண்ணீர் கொதித்தால் பளிச்சென்று தெரியும். இத்தனூண்டு துளியில் தெரியாதாம்.

ஒரு குறிப்பிட்ட சூட்டில் மட்டும் அவளுக்கு விடை நிலையாக வரவில்லை. ஒரு தடவை பெரிய துண்டு மிஞ்சும், மறு தடவை எல்லாம் தூள். புரோகிராமில் தப்பு என்று மாதக்கணக்கில் தேடி அலுத்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்கூல் வேலைக்குப் போகிறேன் என்றாள். எனக்கு மனசு தாங்கவில்லை. சிதறுகாய் விடுவதாக வேண்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை அவளையும் இழுத்துப் போனேன்.

கூச்சத்தில் முதல் காயை மெல்லப் போட்டேன். ஓரம் தெறித்ததோடு சரி.

"இன்னா மாமா, காய்க்கு வலிக்கும்னு பாக்குறியா?" என்று சிரித்தாள்.

ரோஷத்தில் அடுத்ததை ஓங்கி அடித்தேன். சுக்குநூறு. பிறகு நடுத்தரமாக வீசினேன். ஒன்றில் பாதி மூடி அப்படியே கிடந்தது. அதே வேகத்தில் வீசிய இன்னொன்று பொடிப்பொடியானது. பொறுக்க வந்தவர்களை அவள் கை நீட்டி மறித்தாள்.

"சிதறுகாய்க்குக் காவல் நிக்கிற ஆள இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்" என்றார் பூக்கார அம்மா. எனக்கு மானம் போனது. அவளோ குத்துக்காலிட்டுத் துண்டுகளையே பார்த்தாள்.

"தப்பே இல்ல மாமா! மெதுவா போட்டா ஒரு மாதிரி, ஓங்கிப் போட்டா ஒரு மாதிரி. நடுவுலதான் இப்படியும் அப்படியும் ஆடுது. துளி சிதற ஆரம்பிக்கிற சூட்டுக்கு அந்த ஆட்டந்தான் அடையாளம். அதப் போயி தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன்!"

தேங்காய்க்கும் அணுவுக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு அவளே சொன்னாள். கணக்கை மறுபடி போட்டுக் காட்டிய பிறகுதான் அவளுடைய கைடு ஒப்புக்கொண்டார். இன்று அவள் டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் பிள்ளையாருக்கு இன்னொரு காய் போட்டேன்.

எங்கள் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஒரு நாள் என் தோளில் தொங்குகிறாள், மறுநாள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறாள். முன்பென்றால் நாம் என்ன தப்பு செய்தோம் என்று பதறியிருப்பேன். இப்போது, என் பெண் வளர்கிறாள் என்று புரிந்து, அந்தக் கதவு திறக்கும்வரை டீ டம்ளரோடு வெளியே நிற்கிறேன்.