கோழிக்கடை மாரிமுத்து கையில் மைக்கைக் கொடுத்த நாள்

முதல் நாள்

மைக் செட் தொழிலில் நான் சேர்ந்த முதல் நாளே ஒரு காதுகுத்து வீட்டில் நாற்காலிகள் பறந்தன. அதற்குக் காரணம் நான் என்று முதலாளி சொன்னார். தாய்மாமன்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

பந்தி ஆரம்பித்துவிட்டது என்று தானே சொல்வதாக மைக்கைக் கேட்டார் தாய்மாமன். கொடுத்தேன். மனிதர் பந்தியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு, பாகப்பிரிவினையில் மச்சான் செய்த அநியாயத்தை ஆதியிலிருந்து எடுத்துவிட்டார். நாலு திசைக்கும் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வந்துவிட்டது.

"மைக்கு உங்கையில எதுக்குடா இருக்கு? நீ பேசறதுக்கு. வேற எவனாவது பேசணும்னா, அவன் சொல்றத நீ காதுல வாங்கி நீ சொல்லு. கையில குடுத்துட்டா பிடுங்க முடியாதுடா," என்றார் முதலாளி. நான் ஆம்ப்ளிஃபையரைச் சுமந்துகொண்டு வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து அதுதான் எனக்குச் சட்டம். மேடையில் பேசுவதற்கென்றே வந்தவர்கள் வேறு. மற்றபடி மாப்பிள்ளை கேட்டாலும் மாமனார் கேட்டாலும் மைக் என் கையை விட்டுப் போகாது. இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கார்ட்லெஸ் மைக்கை வாங்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தில் யார் கை நீட்டினாலும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, சண்டையாயிடுச்சுண்ணே" என்கிறார்கள். ஆகாமல் என்ன செய்யும்?

இந்தச் சட்டத்தை நானே தெரிந்து மீறியது ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எட்டாம் நம்பர்

நன்னிலத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுப்பு முடிந்து உளுந்தும் எடுக்கிற பங்குனியில் எங்கள் திடலில் கால்பந்துப் போட்டி நடக்கும். மைக் நான்தான். எனக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியாது. பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்லத் தெரியும், அது போதும்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது நம்பரை மட்டும்தான் சொல்வோம். "எட்டாம் நம்பர், எட்டிலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து ஒன்பது" என்று போகும். கோல் அடித்தவனுக்கு மட்டும்தான் பெயர். கோல் விழுந்ததும் அவன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து மூன்று தடவை ஹார்னில் சொல்வேன். பையன்கள் அதற்காகவே உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

எட்டாம் நம்பர் சட்டைக்காரன் எபநேசர், மிட்ஃபீல்டர். பொறையார்ப் பக்கத்திலிருந்து, அவனுடைய தாய்மாமன் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்த குடும்பம். அவன் அப்பா ஞானமணி வேதக்கோவிலுக்குப் போவார், வயலுக்குப் போவார், வேறு எங்கும் அவரைப் பார்க்க முடியாது. அந்த வயல் திடலை ஒட்டியே இருந்தது. எங்கள் கிழக்கு ஹார்ன் நேராக அதைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும்.

எபநேசர் கோல் அடிக்கிற ஆள் இல்லை. நடுவில் நின்று பந்தை வாங்குவான், தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பான், கொடுத்துவிடுவான். பாதி நேரம் பின்னாலேயே கொடுப்பான். அவன் வந்த முதல் வருஷம் அரையிறுதியில் அப்படிப் பின்னால் கொடுத்த ஒரு பந்தை எதிரணிக்காரன் பறித்துக்கொண்டு போய்க் கோல் அடித்துவிட்டான். தோற்றோம். அன்றைக்கு அவனுக்கு ஊர் வைத்த பெயர் 'ரிவர்ஸ் கியர்'.

வைத்தவர் கோழிக்கடை மாரிமுத்து. எங்கள் ரசிகர் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. அவர் குரலுக்கு என் ஹார்ன் தேவையில்லை. நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். பிராக்டிஸ் நாளில் பையன்கள் எல்லாருக்கும் அவித்த முட்டை கொண்டுவருவார். எபநேசருக்கும் உண்டு. "இந்தாடா ரிவர்ஸு, இதையாவது முன்னால தள்ளு" என்று சொல்லித்தான் கொடுப்பார். அவன் வாங்கிக்கொண்டு சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்காது.

இரண்டாம் வருஷப் போட்டி முழுக்க, அவன் காலில் பந்து பட்டாலே கூட்டம் "ஊ" என்று கத்தியது. ஆனால் நம்பர் சொல்கிறவனுக்கு ஒன்று தெரியும். ஒரு ஆட்டம் முடிவதற்குள் என் வாயில் அதிகம் வருவது எட்டுதான். எட்டு இல்லாமல் பந்து எங்கும் போகவில்லை. இதை நான் ஒருநாள் மாரிமுத்துவிடம் சொன்னேன். "அண்ணே, நீங்க ஆம்ப்ளிஃபையர மட்டும் பாருங்க" என்றார். பார்த்தேன்.

இறுதிப் போட்டி

அந்த வருஷம் இறுதிக்கு வந்துவிட்டோம். எதிரில் திருத்துறைப்பூண்டி அணி. சனிக்கிழமை மத்தியானம் நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது எபநேசர் சீக்கிரமே வந்து மேஜைப் பக்கம் நின்றான்.

"அண்ணே, இன்னிக்கு நல்லபடியா ஆடிட்டா பரவால்ல. இல்லன்னா இதோட சரிண்ணே."

"என்னடா சரி?"

"சிங்கப்பூர்ல சித்தப்பா ஷிப்யார்டுல இருக்காரு, கூப்பிடறாரு. எனக்குப் போக இஷ்டமில்ல. ஆனா அப்பா, 'ஊரே உன்னைச் சிரிக்குது, நான் வயல்ல நின்னு தெனமும் கேட்டுக்கிட்டிருக்கேன், போதும்டா, போயிடு'ங்கறாரு. அவர் சொல்றதும் ஞாயந்தானேண்ணே."

கத்தியது கூட்டம்தான், ஆனால் அந்தச் சத்தத்தை என் மைக் இழுத்து, என் ஹார்ன் அந்த மனிதர் வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. கிழக்கு ஹார்னைக் கொஞ்சம் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன். அந்தப் பக்கமும் ஜனம் நிற்கும், போட்டிக் கமிட்டியில் சத்தம் போடுவார்கள். விட்டுவிட்டேன்.

முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. எபநேசர் பயந்து ஆடினான், அது எனக்கே தெரிந்தது. ஒரு பந்தைப் பின்னால் கொடுத்தான். அது சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் மாரிமுத்து எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "மாத்து! அவன மாத்து!" என்று ஆரம்பித்தார். நூறு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கோச் பாலு சார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், தங்கமான மனிதர், ஆனால் கூட்டம் கத்தினால் அதன் பக்கம் சாய்ந்துவிடுவார். இடைவேளையில் என்னிடம் வந்து ஆள் மாற்றும் சீட்டை நீட்டினார். "எட்டாம் நம்பர் வெளியே, பதினாறாம் நம்பர் உள்ளே" என்று சொன்னேன். அன்றைக்கு எங்கள் ஆட்கள் போட்ட விசிலைக் கப் வாங்கினால்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

எபநேசர் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் காலி ஆம்ப்ளிஃபையர் பெட்டி மேல் உட்கார்ந்தான். பூட்ஸ் லேஸை அவிழ்த்தான். திடலுக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா உளுந்துச் செடியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

பதினாறாம் நம்பர் தினேஷ் நல்ல ஓட்டக்காரன். ஆனால் ஓடுகிறவனுக்குப் பந்து வர வேண்டுமே. எங்கள் டிஃபென்ஸ் ஆட்கள் பந்தை வானத்தைப் பார்த்து அடித்தார்கள், அது எல்லார் தலைக்கும் மேலே போய் எதிரணி காலில் விழுந்தது. நான் சொன்ன நம்பரெல்லாம் திருத்துறைப்பூண்டி நம்பர். எங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கோல் வாங்கினோம்.

மாரிமுத்து முதலில் தினேஷைத் திட்டினார், பிறகு டிஃபென்ஸைத் திட்டினார், பிறகு ரெஃப்ரியை. அப்புறம் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால் கயிற்றைத் தாண்டி என் மேஜைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

"அண்ணே, அவன உள்ள எறக்கச் சொல்லுங்கண்ணே."

எங்கள் போட்டியில் வெளியே போன ஆள் திரும்ப உள்ளே வரலாம். ஆனால் நான் விட்டுக் கொடுக்கவில்லை. "எவன?"

"அதாண்ணே... ரிவர்ஸு."

"அப்பிடி ஒருத்தன் டீம்ல இல்லப்பா."

அவர் எபநேசரைப் பார்த்தார். அவன் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அவன் பேரு என்னண்ணே?"

ரெண்டு வருஷம் முட்டை கொடுத்த மனிதர்! சொன்னேன். அதற்குள் பாலு சாரும் ஓடிவந்து, "எபநேசர், எந்திரிப்பா, உள்ள வா" என்றார்.

அவன் எழுந்திருக்கவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவங்க போன்னாங்க, வந்துட்டேன் சார். இப்ப நீங்க கூப்பிட்டு நான் போனா மறுபடியும் கத்துவாங்க. அப்பா அங்க நிக்கறாரு சார். என்னால முடியாது."

"அண்ணே, நீங்க மைக்குல ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ரசிகர்கள் சார்பா கேட்டுக்கறோம்னு," என்றார் மாரிமுத்து.

அதுதான் என் வேலை. அவர் சொல்வதைக் காதில் வாங்கி நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவனைப் போகச் சொல்லிக் கத்தியது நான் இல்லையே, சீட்டில் இருந்ததைத்தான் நான் சொன்னேன். நான் அழைத்தால் அது இன்னொரு அறிவிப்பு, சாவி தொலைந்துபோனது, சைக்கிளை நகர்த்துங்கள் என்பதோடு அதுவும் ஒன்று.

மைக்கை மாரிமுத்து கையில் வைத்தேன். "நீயே கூப்பிடு."

அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கையால் மைக்கின் தலையைப் பொத்த, அது கீச்சென்று கத்தியது. கையை விலக்கி வைத்தேன். அவர் மூச்சு விடுவது நாலு ஹார்னிலும் கேட்டது. அத்தனை சத்தம் போடுகிற மனிதருக்குத் தன் மூச்சைக் கேட்டதும் வாய் ஒட்டிக்கொண்டது.

"எபநேசரு... தம்பி... நான் மாரிமுத்து பேசறேன், கோழிக்கட. நாந்தான்ப்பா ஒன்ன மாத்தச் சொல்லிக் கத்துனது. தப்பு. எனக்கு ஆட்டம் தெரியல. நீ இல்லாம அங்க ஒண்ணும் நடக்கல தம்பி. எபநேசரு, வந்து ஆடு சாமி."

ஆட்டக்காரர்களே ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள். நான் கிழக்கே பார்த்தேன். வயலில் ஞானமணி நிமிர்ந்திருந்தார்.

எபநேசர் லேஸைக் கட்டினான்.

பாலு சார் தினேஷை உள்ளேயே விட்டுவிட்டு ஒரு டிஃபென்ஸ் ஆளை வெளியே எடுத்தார். உள்ளே போய் எபநேசர் முதலில் தொட்ட பந்தைப் பின்னால்தான் கொடுத்தான்! கூட்டம் முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தது. ஒருத்தர்கூட ஊளையிடவில்லை. பிறகு என் வாயில் மறுபடி எட்டு வர ஆரம்பித்தது. "எட்டு, எட்டிலிருந்து நாலு, திரும்ப எட்டு..." பையன்கள் ஒருவரை ஒருவர் திட்டுவதை நிறுத்தினார்கள். கடைசி நேரத்தில் கோலுக்கு நேர் எதிரே அவனிடம் பந்து வந்தது. "அடி! அடி!" என்று ஊரே கத்தியது. அவன் அடிக்கிற மாதிரி காலை ஓங்கி, கோல் கீப்பர் விழுந்ததும், பந்தைக் குதிகாலால் பின்னால் தட்டிவிட்டான். ஓடிவந்த தினேஷ் காலியான கோலுக்குள் போட்டான்.

வழக்கப்படி தினேஷ் பெயரை மூன்று தடவை சொன்னேன். நாலாவதாக, "பந்தைக் கொடுத்தவர் எபநேசர், தகப்பனார் ஞானமணி" என்றும் சொன்னேன். கமிட்டியில் யாரும் ஏன் என்று என்னைக் கேட்கவில்லை.

கப் எங்களுக்கு வரவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, டை பிரேக்கரில் தோற்றோம். கடைசிப் பெனால்டியைக் கம்பத்துக்கு வெளியே அடித்தது அதே தினேஷ். பின்னாலிருந்து யாரோ ஒருத்தன் "ஊ" என்று ஆரம்பித்தான். மாரிமுத்து திரும்பினார். "எவன்டா அது? வா, நீ வந்து அடி பாப்போம்!" என்றார். சத்தம் அப்படியே நின்றது. எபநேசர் போய் தினேஷின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெளியே கூட்டிவந்தான். கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்து இரண்டு பேர் முதுகிலும் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மைக்கை யாருக்கும் கொடுக்காதே. ஆனால் ஊரறியத் திட்டியவன் ஊரறியக் கூப்பிட வந்தால், அவன் வாய்க்குப் பதிலாக உன் வாயைக் கொடுக்காதே. அந்த வார்த்தையை அவனே சொன்னால்தான் செல்லும். நான் கொடுத்தது சரியா என்ற சந்தேகம் அன்றிரவு வரை எனக்கு இருந்தது. மறுநாள் காலையில் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாரிமுத்து கடையில் கறி வாங்க நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டையோடு, கோவில் முடிந்த கையோடு, ஞானமணி வந்து எனக்குப் பின்னால் நின்றார். என் கறி பைக்குள் விழுந்ததும் அவர் முன்னால் வந்தார்.

"சொல்லுங்கய்யா, எவ்வளவு?" என்றார் மாரிமுத்து.

"ஒரு கிலோங்க."

"கடைக்குப் புதுசா இருக்கீங்களே, எந்த ஊருங்க?"

"இதே ஊருதாங்க. ரெண்டு வருஷமா கறிக்கு நன்னிலம் போயிடுவேன்."

"பக்கத்துல நம்ம கடை இருக்கறப்ப அவ்வளவு தூரம் எதுக்குங்க போறீங்க?" கேட்டுக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எபநேசர் அப்பாங்க."

மாரிமுத்துவின் கத்தி நின்றுவிட்டது. ஞானமணி பையை விரித்துப் பிடித்தார்.

"வெட்டுங்க தம்பி. இனிமே ஞாயித்துக்கிழம இங்கதான் வருவேன். பையன் எங்கயும் போகல."