நான் அழித்த ஒரு வரி

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி அக்காவின் மகள் கவிதாவின் போன் வந்தது. "அண்ணா, அம்மா போயிட்டாங்க. காலைல காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே..." ஓரமாக ஒதுங்கி நின்றேன். அழுகை வரவில்லை. இனி அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மாடம்பாக்கத்து ஜெயந்தி அக்காவை, நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் போய்விட்டது, கால் இழுக்கிறது என்று கைவிடப்பட்ட கிழட்டு நாய்களுக்கு வீடு தேடிக் கொடுத்தவர். எந்த நாய்க்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வாட்ஸ்அப்பில் அறிவிப்பு எழுதிப் போடுவது என் வேலை. "குறையை முதல்ல எழுதுப்பா. அதைப் படிச்சிட்டும் வர்றவங்கதான் வேணும்" என்பார். சேலையூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, கண் தெரியாத நாயைப் பார்த்துக் கலங்கிப்போய் உடனே கேட்டார்கள். "பாவம்னு எடுத்துட்டுப் போகாதீங்க. பாவம் பத்து நாள்ல தீந்துடும்" என்று காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் அவர்களே மறுபடி வந்து வாங்கிப்போனார்கள்.

ராஜாவின் விஷயம் வந்தபோது அக்கா கோவையில் மகள் வீட்டில் இருந்தார். வெளிநாடு போகிற குடும்பத்தின் நாய். போனிலேயே சொன்னார்: பதினோரு வயது, ஒரு காது கேட்காது, எப்போதாவது வலிப்பு வரும். அப்படியே எழுதினேன். பிறகு வலிப்பு என்ற வரியை மட்டும் அழித்தேன். அது இருந்தால் யாரும் வரமாட்டார்கள். இரண்டே நாளில் சிறுசேரியில் ஒரு வீடு கிடைத்தது. நானே கொண்டுபோய் விட்டேன்.

மூன்றாவது வாரம், அந்த வீட்டு நான்கு வயதுக் குழந்தையின் கண் முன்னால் ராஜா விழுந்து துடித்தான். குழந்தைக்குப் பயத்தில் காய்ச்சல். அதற்குள் ஊர் திரும்பியிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"வலிப்பு இருக்குன்னு உங்கிட்ட நான் சொன்னேனா இல்லையா?"

"இல்லக்கா. நீங்க சொல்லல."

"அப்ப நான்தான் மறந்துட்டேன் போல."

மறுநாள் இருவரும் சிறுசேரி போனோம். தன் மகள் வயதே இருக்கும் அந்தக் குழந்தையின் அப்பாவிடம் அக்கா கைகூப்பினார். "தப்பு என்னோடதுதான் சார். வயசாயிடுச்சு. மறந்துட்டேன்." நான் பக்கத்தில் ராஜாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராஜாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதன்பின் எல்லாவற்றையும் நோட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதியதையும் இரண்டு முறை சரிபார்ப்பார். ஆறு மாதத்தில் புதிய நாய்களை எடுப்பதையே விட்டுவிட்டார். "என்னை நம்பி எப்படிப்பா கொடுப்பாங்க?" என்றார். வயதாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று நானும் இருந்தேன்.

காரியம் முடிந்ததும் கவிதாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அம்மா ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினாங்கண்ணா. ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. அவங்கதான் நம்பவே இல்ல" என்றாள். ராஜாவை நான் வளர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ணா."

கோவைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இருப்பது, அவர் கைகூப்பிச் சொன்ன "மறந்துட்டேன்" மட்டும். அவர் எதையும் மறக்கவில்லை. அப்படிச் சொல்ல வைத்தவன் நான்.