இருபத்திரண்டு கிலோ எண்ணூற்றைம்பது கிராம்

2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40. பனி இன்னும் விலகவில்லை. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் எதிர்க்கடை விளக்கு மஞ்சள் பொட்டாகத்தான் தெரிந்தது. மாவட்ட ஜூடோ போட்டிக்காகக் கடலூரிலிருந்து வந்திருந்தோம். எடை பார்க்கும்வரை சாப்பிடக் கூடாது என்றாள் மகள். பத்தொன்பது வயதுப் பெண் வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்தால்? வற்புறுத்தி இரண்டு வாழைப்பழம் தின்ன வைத்தேன்.

போட்டி அரங்கில் எடை இயந்திரம் 48 கிலோ 150 கிராம் காட்டியது. அவள் நாற்பத்தெட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர் என்னைத்தான் பார்த்தார். "இன்னா சார், ஊட்டி உட்டீங்களா? நாப்பத்தெட்டுக்கு மேல இன்னும் ஒரே ஒரு பொண்ணுதான் கீது. அதுகூடத்தான் மோதணும்."

அந்தப் பெண் 71 கிலோ. வித்தியாசம் 22 கிலோ 850 கிராம். ஏறக்குறைய ஒரு அரிசிச் சிப்பம், என் மகளின் கழுத்தில்.

"வேணாம்மா, ஊருக்குப் போயிடலாம். கழுத்து ஒடிஞ்சா?"

"பெருசா இருக்கறவங்க தள்ளுவாங்கப்பா. எதுத்துத் தள்ளக் கூடாது, எடம் குடுக்கணும். நீ மேல போய் உக்காரு. எப்பவும் போல எதையாச்சும் சத்தமா மட்டும் எண்ணாத."

நான்காம் வரிசையில் உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு பையன்கள்.

"மச்சான், லாரியும் சைக்கிளும்டா!"

"சைக்கிள் பெல்லாச்சும் அடிக்குதா பாரு."

அந்தப் பெண் இவள் சட்டையைப் பிடித்துத் தள்ளினாள். மகள் பின்னால் போனாள். ஓரடி, ஈரடி. ஆறாவது அடியில் என் மகள் தானாகவே மல்லாக்கச் சாய்ந்தாள். அவள்மேல் அந்த எழுபத்தொன்றும் கவிழ்ந்தது.

எழுந்தேன். மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்தது. என் குதிகாலே அதை நசுக்கியது. அரங்கு முழுக்க ஒரே கூச்சல். கீழே வெள்ளையாக ஒரு குவியல், அவ்வளவுதான் தெரிந்தது. தடவித் தடவிப் பதினொரு படி இறங்கினேன்.

"அசையாதம்மா! கழுத்த அசைக்காத!"

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். "நான் நின்னுக்கிட்டுதாம்பா இருக்கேன்."

"அப்ப படுத்திருக்கறது?"

"அவங்க. தள்ளிக்கிட்டே வந்தாங்கல்ல, வயித்துல கால குடுத்து எனக்குப் பின்னால தூக்கிப் போட்டுட்டேன். முடிஞ்சிபோச்சு, ஜெயிச்சாச்சு."

அவள் கழுத்தை இரண்டு கையாலும், இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன்.

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

இன்னொரு தரமும் பார்த்தேன். பேருந்து புவனகிரி தாண்டும்போது மூன்றாம் தரம்.

புதுக் கண்ணாடிக்கு 340 ரூபாய். அந்த இரண்டு பழத்துக்கு 4. ஆக, 344.