வெற்றிலை வைத்த ருஷ்யப் பெட்டி

இன்று காலையும் மின்சாரம் போனது. மெழுகுவர்த்தி தேடி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தபோது அந்தக் கறுப்புப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. மூடியைத் தூக்கியதுமே சுண்ணாம்பும் பழைய வெற்றிலையும் கலந்த வாசம். மூக்குக்கு மட்டும் எப்படித்தான் எதுவும் மறப்பதில்லையோ!

ருஷ்யாவில் கையால் வரைந்த அரக்குப் பெட்டி அது. மூடியில் ஒரு நகரமே இருக்கிறது. ஆற்றங்கரையில் மஞ்சள் மாளிகைகள், ஒரு பாலம், மெலிந்து உயர்ந்த ஒரு பொன் கோபுரம். வலது ஓரம் மட்டும் வெறும் கறுப்பு. அது எங்கள் அப்பாவின் கைங்கரியம்.

அப்போது நானும் தம்பியும் ரங்கூனின் லான்மடா பகுதியில் ஓர் அரக்குச் சாமான் கடையில் வேலை பார்த்தோம். வீட்டில் அவன் முருகேசன், கடையில் பர்மியப் பெயரில் கோ ஸோ. ரங்கூனுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்த காலம். பகான் ஊர் அரக்குக் கிண்ணத்தின் விளிம்பை இரண்டு விரலால் அமுக்கி, "குதிரை மயிரில் பின்னியது, உடையவே உடையாது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அளந்துவிடுவேன். ஒருநாள் உடைந்தது. தம்பி சிரித்த சிரிப்பில் வாங்க வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது.

தம்பி ஃபோனைப் பார்த்தே கொஞ்சம் ருஷ்ய மொழி கற்றிருந்தான். அதில் மகிழ்ந்துபோன ஒரு ருஷ்ய அம்மாள், ஊருக்குக் கிளம்பும்முன் இந்தப் பெட்டியை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். பாலத்தைக் காட்டி, அதைத் தாண்டினால் தன் வீடு என்றாராம்.

எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அரக்குப் பெட்டி என்றால் இந்த ஊரில் அது வெற்றிலைக்குத்தான், வேறெதற்கு? மறுநாள் காலையிலேயே ஈர வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் அதற்குள் குடியேறிவிட்டன. எங்கள் பகான் பெட்டி மூங்கிலில் செய்தது, ஈரம் ஒன்றும் செய்யாது. ருஷ்யப் பெட்டியோ காகிதத்தை ஒட்டி ஒட்டிச் செய்தது. ஒரே வாரத்தில் உப்பிப்போய், மூடி சரியாக மூட மறுத்தது. மூடிமேல் காய்ந்திருந்த சுண்ணாம்பை அப்பா ஈரத்துணியால் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். வலது ஓரத்து வீடுகள் துணியோடு வந்துவிட்டன.

நான் கத்தினேன். தம்பி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யப்பா, ஒரு தெருவையே தொடச்சு எடுத்துட்டீங்களே! அங்க என்னா இருந்துச்சுன்னு நாந்தான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும்."

"போடா, அங்கயும் ஒரு வெத்தலக் கடதான் இருந்திருக்கும்."

விளையாட்டாகச் சொன்னது அவனுக்குள் ஊறிவிட்டது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு கெட்டு, கடை மூடி, எல்லோரும் வீட்டில் முடங்கியபோதும் அவன் விடவில்லை. கடைசியில் மூடியில் இருந்த அதே நகரத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை கிடைத்தது. விசாவும் வந்தது, டிக்கெட்டும் போட்டான். விசா கிடைத்தால் தைப்பூசத்துக்கு மகன் காவடி எடுப்பான் என்று அம்மா வேண்டியிருந்தாள். பூசத்துக்குப் பத்து நாள் முன்னால் விமானம்.

அவன் என்னிடம்தான் வந்தான். "அக்கா, மொதல்ல போயிர்றேனே. அடுத்த வருசம் வந்து எடுத்துக்கிறேன். அம்மாட்ட நீ சொல்லு."

அம்மா முகத்தைப் பார்த்தேன். "பத்து நாளுதானடா. டிக்கெட்ட மாத்திக்க. நேந்துகிட்டத வச்சுக்கிட்டுப் பிளேன் ஏறாத" என்றேன்.

மாற்றினான். அந்தப் பத்து நாளுக்குள்ளேதான், ராணுவத்துக்கு ஆள் வேண்டுமென்று, அவன் வயது ஆண்கள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் காவடி எடுத்தான். அலகு குத்தியபோது அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் நான்கு மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தான். ஒருநாள் ராணுவத்துக்கு வரச் சொல்லி அவன் பேருக்குக் கடிதம் வந்தது. வராவிட்டால் அப்பாவைக் கூட்டிப்போவோம் என்றார்கள். அவனே சட்டையை மாட்டிக்கொண்டு போனான். இரண்டு முறை ஃபோன் செய்தான். அவனைப் பற்றி ஒரு சேதியும் அதற்குப் பிறகு இல்லை. யாரைக் குறை சொல்வது? டிக்கெட்டை மாற்றச் சொன்னவள் நான்.

கடை இருந்த இடத்தில் இப்போது பேட்டரி விற்கிறார்கள். பூசத்துக்கு எங்கள் தெருவில் வரிசையாகக் காவடி கிளம்பும். இந்த வருடம் எடுத்தவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். வாலிபப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், இல்லையென்றால் கொண்டுபோகப்பட்டுவிட்டார்கள்.

கோயிலுக்குப் போய்வந்த அம்மா வாசலிலேயே சொன்னாள்: "தம்பி திரும்பி வந்தா, வர்ற பூசத்துக்குக் காவடி எடுப்பான்னு நேந்துகிட்டு வந்துட்டேன்டி."

வந்தால் ஒரு நாள்கூட இங்கே நிற்க விடாமல் அனுப்பிவிடுவோம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தால்தானே.

"எடுப்பான்மா" என்றேன்.