உப்புத் தண்ணீர் போகும் வழி

“படிச்சுக் கிழிச்சு என்ன புள்ள, கடைசியில மலைக்குத்தானே போகப்போற?”

பள்ளிச் சீருடையோடு தோட்டத்து ஆபிசைக் கடந்து போன என்னைப் பார்த்துப் பெரிய கிளாக்கர் கேட்டது இது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்து பறிக்கப் போவதை எங்கள் பக்கம் மலைக்குப் போவது என்போம். அம்மா போகிறார், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் கேட்ட விதத்தைத்தான் நான் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பிறகு பதுளையில் குழாய் வேலைப் பயிற்சியும் முடித்து, தண்ணீர் இயந்திரங்கள் விற்கும் கடையொன்றில் சேர்ந்தேன். போன ஆடியில், காற்று மட்டும் அடித்து மழையில்லாத ஒரு நாளில், முதலாளி ஒரு விலாசத்தைத் தந்தார். அதே கிளாக்கர். ஓய்வு பெற்று, நமுனுகுலப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நேர் மேலே வீடு கட்டியிருந்தார். குழாய்க் கிணற்றுத் தண்ணீரால், சுடுதண்ணி வைக்கும் கேத்தல் முழுக்கச் சுண்ணாம்பு படிகிறது என்று, அந்தச் சுண்ணாம்பை எடுக்கும் இயந்திரம் வாங்கியிருந்தார்.

முன் வாசலில் மணி அடித்தேன். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். வேலைக்கு வந்த ஆள் எங்கே என்றார். நான்தான் என்றேன். லயத்து ஆட்கள் பின்பக்கமாக வருவதுதான் வழக்கம் என்று ஞாபகப்படுத்தினார். பின்கதவில் இயந்திரம் நுழையாது சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தோட்டத்தில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். எனக்கு அன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார், கைப்பிடி உடைந்த கோப்பையில். அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே தனியாகக் கிடப்பது. யாருக்கென்று சொல்லத் தேவையில்லை. நான் தொடவில்லை.

இந்த இயந்திரம் அவ்வப்போது உப்புத் தண்ணீரால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். கழுவிய தண்ணீர் வெளியே போக ஒரு ஹோஸ். உப்புத் தொட்டி நிரம்பி வழிந்தால் அதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஓட்டையில் விடச் சொன்னார். சேர்த்தால் கழிவு திரும்பி உப்புத் தொட்டிக்குள் ஏறும் என்றேன். சரி, இரண்டையும் தனித்தனியாகப் பின்னாலுள்ள கானில் விடு என்றார்.

அந்தக் கான் திறந்த வாய்க்கால், நேராக எங்கள் லயத்துக்கு இறங்குகிறது. வெயில் காலத்தில் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் நூல் மாதிரித்தான் விழும். அந்த நாட்களில் கானுக்குள் நீட்டிய மேல் வீட்டுக் குழாய் எதிலாவது தெளிந்த தண்ணீர் விழுந்தால், யாராவது ஹோஸ் துண்டைச் சொருகிக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். டாங்கி நிரம்பி வழிகிறது என்று நினைப்பார்கள். மேலே போய்க் கேட்பதில்லை, கேட்டால் நிறுத்திவிடுவார்கள். நானே சொருகியிருக்கிறேன்.

கானில் விடமாட்டேன் என்றேன். குளியலறைச் சுவரில் ஓட்டை போட்டால் அவருடைய சொந்தக் கழிவுக் குழிக்கே விடலாம். ஒரு டைல் போகும், அவ்வளவுதான்.

“லயத்துக்காக என் டைல்ஸ உடைப்பியா? பொறந்ததுலேர்ந்து கான் தண்ணியிலதானே வளந்தீங்க. இப்ப என்ன புதுசா?”

ஹோஸின் முனையை வாளிக்குள் போட்டு, இயந்திரத்தைக் கையால் திருகிக் கழுவ விட்டேன். உப்பு வர நேரமாகும். அதுவரை அவர் என் அப்பாவின் குடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அது கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, அந்தக் கோப்பையிலேயே பிடித்து அவர் முன்னால் வைத்தேன்.

“குடிச்சுப் பாருங்க சார்.”

அவர் தொடவில்லை. மனைவி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“கரிச்சா துப்பிட்டுப் போறாங்க,” என்றார் கிளாக்கர்.

“ஒலையில வச்ச பொறகுதான் தெரியும். அன்னைக்கு அரிசி போச்சு. போஞ்சிக்கு ஊத்தினா கொடி போச்சு,” என்றேன்.

முதலாளிக்குப் போன் போட்டு என் கையில் தந்தார். வாங்கினவர் சொல்கிற இடத்தில் விட்டுவிட்டு வா என்றார் முதலாளி. வரேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு ஹோஸையும் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். ஹோஸ் இல்லாமல் இயந்திரம் ஓடாது. வாளியிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன்.

“நாளைக்கு ஒரு ஆம்பள வந்து மாட்டுவான். நீ மலைக்குப் போகத் தயாராகு புள்ள,” என்றார்.

முன் வாசலால்தான் வெளியே வந்தேன்.

அவர் சொன்னது நடக்கும். முதலாளி வேறு ஆளை அனுப்புவார். அந்த ஆள் கானில் விட்டுவிட்டுப் போவான். லயத்துக்கு இறங்கி, மேலிருந்து ஹோஸில் எது விழுந்தாலும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் பிடிக்காதீர்கள் என்று பீலியில் நின்ற பெண்களிடம் சொன்னேன். அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டார். இருக்காது என்றேன்.

பிறகு பதுளை பஸ்ஸில் ஏறி, கடைக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கினேன். சுகாதாரப் பரிசோதகரின் மேசையில் போத்தலை வைத்து, இது எந்த வீட்டிலிருந்து எந்தக் கானில் இறங்கப்போகிறது என்று சொன்னேன். முறைப்பாடு செய்வது யார் என்று கேட்டார். என் பெயரையும் லயத்தையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.